மஞ்சப்பையும் மஞ்சள் தொட்டியும்

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சில மாதங்கள் ஜெர்மனியின் கொலோன் நகரில் தங்கியிருந்தேன். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல் சேகரத்தைத் தேடித்தான் போனேன். ஆனால் முதல் வாரம் நான் படித்தது விடுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த குப்பை அட்டவணையை. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். காகிதத்துக்கு நீலத் தொட்டி, காய்கறித் தோலுக்குப் பழுப்பு, பிளாஸ்டிக் உறைகளுக்கு மஞ்சள், மிஞ்சியதற்குக் கறுப்பு. கண்ணாடிப் பாட்டில்களை நிறம் பிரித்துத் தெருமுனையில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூடாது, சத்தம் அக்கம்பக்கத்தாரின் ஓய்வைக் கெடுக்கும். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலில் தண்ணீர் வாங்கினால் 25 சென்ட் கூடுதலாகக் கட்ட வேண்டும். காலிப் பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் அந்தப் பணம் திரும்ப வரும்.

வியந்துபோய் அம்மாவிடம் போனில் சொன்னேன். “இதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போன? பால் கவரக் கழுவிக் காயப்போட்டுப் பழைய பேப்பர்காரருக்கு நான் போட்டதில்லையா?” என்றாள்.

உண்மைதான். எங்கள் வீட்டில் அரிசி கழுவிய நீர் மாட்டுக்குப் போகும். சேலை தூளியாகும், பிறகு பிடிதுணியாகும், கடைசியில் மாதவிலக்குத் துணியாகும். நிலைத்த வளர்ச்சி என்று பெயரிடாமலே எல்லாவற்றையும் நம் அம்மாக்கள் செய்துவிட்டார்கள் என்ற பெருமிதத்தில் சில நாள் மிதந்தேன்.

அதைக் கலைத்தவள் பக்கத்து அறைப் பெண். மாதவிடாய்க்குத் துணி அணையாடைதான் பயன்படுத்துகிறேன், அதுதான் பூமிக்கு நல்லது என்று சாதாரணமாகச் சொன்னாள். அவளுடைய துணிகள் பால்கனியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. என் அம்மாவின் துணியும் துணிதான். ஆனால் அது வெயிலைப் பார்த்ததே இல்லை. குளியலறைக்குப் பின்னால், வேறொரு துணிக்கு அடியில், ஆண்கள் கண்ணில் படாமல், காய்ந்தும் காயாமலும் கிடக்கும்.

இரண்டும் ஒரே செயலா? பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கடையில் பஞ்சு அணையாடை வாங்கக் காசு இருந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தாள். அம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்ல எதுவுமே இருக்கவில்லை. அறம் தேர்விலிருந்துதான் பிறக்கிறது என்றால் அம்மாவின் சிக்கனத்தை அறம் என்று சொல்ல முடியாது. வெறும் வறுமை என்று ஒதுக்கினாலோ, ஒரு சேலைக்குள் நான்கு ஆயுளைக் கண்ட அவள் அறிவை அவமதிக்கிறோம். ‘நம் பாரம்பரியம்’ என்று மாலை போட்டால், மறுக்க வாய்ப்பே இல்லாதவளின் நிர்ப்பந்தத்தைப் புகழ்கிறோம். நான் இப்படிப் பிரித்துக்கொண்டேன்: அந்த அறிவு அவளுடையது, அதைக் கற்க வேண்டும். அந்த நிர்ப்பந்தம் அவள்மீது சுமத்தப்பட்டது, அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

அங்கேயும் நிர்ப்பந்தம் இருந்தது. ரயில் நிலையத்தில் ஒரு மூதாட்டி கையில் டார்ச்சுடன் குப்பைத் தொட்டிகளைத் துழாவி, பிறர் எறிந்த பாட்டில்களைப் பொறுக்கிப் பைக்குள் போடுவார். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில் என்றால் ஒவ்வொன்றும் 25 சென்ட். ஓய்வூதியம் போதாத முதியவர்கள் பலர் இப்படிச் சேர்க்கிறார்கள் என்றார்கள். சிலர் பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் அவர் குனியாதிருக்க வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கருணை என்னைத் தொட்டது. அது தேவைப்பட்டதே என்பதும் உறுத்தியது.

நகருக்கு மேற்கே ஹம்பாஹ் திறந்தவெளிச் சுரங்கம். ஏறத்தாழ 400 மீட்டர் ஆழத்துக்குப் பூமியைப் பிளந்து பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள். அதற்காகக் காட்டை வெட்டினார்கள், ஊர்களைக் காலிசெய்தார்கள். நெய்வேலியை அறிந்த கண்ணுக்கு அது அந்நியமாக இல்லை. தயிர் டப்பாவைக் கழுவி மஞ்சள் தொட்டியில் போடும் கடமை வீட்டுக்கு. ஊரையே தோண்டும் உரிமை நிறுவனத்துக்கு. விமானம் ஏறி வந்த எனக்கும் அந்தக் கணக்கில் பங்குண்டு.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. பட்டிக்காட்டான் என்று கேலிசெய்ய உதவிய பைக்கு மரியாதை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி எழுந்தாள். “எங்க வீட்ல மக்குற குப்பை, மக்காத குப்பை பிரிக்கிறது நான்தான் மேம். தம்பிக்கு அந்த வேலையே கெடையாது” என்றாள். வீட்டுக்கு வெளியே அந்தக் குப்பையைக் கையால் தொடுபவர் யார், அவர் எந்தச் சாதியில் பிறந்தவர் என்பதை வகுப்பில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செய்தித்தாளில் சுற்றி நாம் எறியும் அணையாடை வந்து சேர்வது அந்தக் கைக்குத்தான்.

பூமிக்கு நல்லதா என்ற கேள்வியோடு, யாருடைய கையால் என்ற கேள்வியையும் இப்போது சேர்த்தே கேட்கிறேன். இரண்டாவதைக் கேட்காத பசுமை, பெண்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் இன்னொரு வேலையாகத்தான் முடியும்.

எங்கள் வீட்டில் பால் கவர் கழுவுவது இப்போது என் மகனின் பொறுப்பு. சரியாகக் கழுவுவதில்லை. ஊரிலிருந்து அம்மா வந்தால் எடுத்துத் திரும்பக் கழுவப் போகிறாள். “விடுமா, அவனே கழுவட்டும்” என்கிறேன். கொஞ்சம் முறைத்துவிட்டு, வைத்துவிடுகிறாள்.