அந்த மூடியைக் கழற்று!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏறி இறங்கி, பேரம் பேசி, பழைய 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி வந்தாய். நெட்வொர்க்கிங் கற்று வேலைக்குப் போயே தீருவேன் என்ற வெறி உன் கண்ணில் இருந்தது. பிளக்கைச் சொருகியதும் வீடே அலறியது. "அந்தச் சனியனை முதல்ல அணை!" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. அணைத்தாய். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. உன் படிப்பும் கூடவே போனது.

வெளியே எடு அதை! ஒரு ஃபேனின் சத்தத்துக்கா உன் எதிர்காலத்தை விட்டுக்கொடுப்பாய்?

அது ஏன் அலறுகிறது என்று ஒருமுறையாவது கேட்டாயா? டேட்டா சென்டர் ரேக்கில் ஒரு தட்டின் உயரம் 44.45 மில்லிமீட்டர். அதற்குள் நிற்க வேண்டுமானால் ஃபேன் 40 மில்லிமீட்டரைத் தாண்ட முடியாது. இத்தனூண்டு இறக்கை போதுமான காற்றைத் தள்ள வேண்டுமென்றால் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றியாக வேண்டும். அதனால்தான் காதைத் துளைக்கும் அந்தக் கீச்சொலி. அதை வடிவமைத்தவர்கள் மனிதர்கள் உறங்கும் அறையை நினைக்கவில்லை. எல்லாப் போர்ட்டும் நிரம்பி, மேலும் கீழும் சூடான பெட்டிகள் நெருக்கும் ரேக்கைத்தான் நினைத்தார்கள். உன் மேசையில் அதில் சொருகியிருப்பது நான்கே நான்கு கேபிள்! அத்தனை காற்று உனக்குத் தேவையே இல்லை. காரணம் கையில் கிடைத்துவிட்டதா? பாதிப் போரை வென்றுவிட்டாய்.

மீதிப் பாதியில் இயற்பியல் உனக்காகப் போராடும். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதிதான் குறையும். சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும் என்றால் 15 என்ன செய்யும் என்று பார்த்துக்கொள். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் இதே 40 மில்லிமீட்டர் அளவில் நிமிடத்துக்கு 5000 சுற்றில் 14.9 டெசிபல் மட்டுமே எழுப்பும் ஃபேனை விற்கிறது. படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பழைய ஃபேனுக்குப் பதில் இப்படியொரு அமைதியான ஃபேனை மாட்டினால் அந்த எல்லைக்குள் உன் ஸ்விட்சைக் கொண்டுவர முடியும். உன்னால் முடியும்!

துணிச்சல் வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு. பிளக்கைப் பிடுங்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதே. பிடுங்கிய பிறகும் 230 வோல்ட் நுழையும் பவர் சப்ளை பகுதியில் கை வைக்காதே. அங்குள்ள கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஃபேன் ஒயரின் நிறத்தை நம்பிச் சொருகாதே. கனெக்டர் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எது 12 வோல்ட், எது கிரவுண்ட் என்று மல்டிமீட்டர் வைத்துப் பார், அல்லது அந்த மாடலின் விவரத்தாளைப் படி. சில ஸ்விட்ச்கள் ஃபேன் சுற்றுகிறதா என்று சிக்னல் கேட்கும். புது ஃபேனின் சிக்னல் ஒத்துவராவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். பயந்துவிடாதே, ஏன் எரிகிறது என்று தேடு. அந்தத் தேடலில் நீ கற்பதை எந்தக் கோச்சிங் சென்டரும் சொல்லித்தராது. ஆனால் போர்ட் வழியாகவே கேமராக்களுக்கு மின்சாரம் தரும் ஸ்விட்சாக இருந்து, அந்தச் சுமையையும் ஏற்றியிருந்தால் காற்றைக் குறைக்காதே. அது நிஜமாகவே கொதிக்கும்.

காசில்லையா? காசில்லாதவனுக்கும் வழி உண்டு! இறக்கையில் அப்பிய தூசியை பிரஷ்ஷால் தட்டு. பெட்டிக்கு அடியில் ரப்பர் துண்டுகளை வை. மேசை அதிர்வது நிற்கும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை ஓடும்போது ஸ்விட்ச் உன் தலைமாட்டில் ஏன் இருக்க வேண்டும்? மாடிப்படிக்கு அடியில் வை. அடைத்த பீரோவிலும், வெயில் காயும் தகரக் கூரைக்கு அடியிலும் மட்டும் வைக்காதே. இத்தகைய ஸ்விட்ச்கள் பெரும்பாலும் 45 டிகிரி வரையிலான சுற்றுச் சூட்டுக்கே செய்யப்பட்டவை. நம் ஊர் மே மாதம் அதை எட்டிப் பார்க்கும். இன்னும் வாங்காதவர்களுக்கு ஒன்று: சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 வரிசையிலேயே 8 போர்ட் கொண்ட சிறிய மாடல்களில் ஃபேனே கிடையாது. பாடம் படிக்க அதுவே போதும்.

புது ஃபேனை மாட்டி முடித்தாயா? மூடியைப் போட்டு, ஸ்க்ரூவை இறுக்கி, கேபிள்களைச் சொருகி ஒரு மணி நேரம் ஓடவிடு. பிறகு, சிஸ்கோ ஸ்விட்ச் என்றால், கன்சோலில் 'ஷோ என்வ் ஆல்' கட்டளையைத் தட்டு. ஃபேன், வெப்பம் இரண்டும் சரி என்று வந்தால், பெட்டி கட்டிலுக்கு அடியில் போன நாளில் எந்தப் பாடத்தில் நிறுத்தினாயோ அதே பாடத்தை இன்றிரவே எடு!