உரிமை கேட்போர் பலர்



நமது செராஸில் 1997-ல் தேசியப் பல்கலைக் கழகத்தின் போதனா மருத்துவமனை திறக்கப்பட்டது. விரிவுரையாளராய்ப் புதிதாய் அமரும் வாலிபர்களை நாம் ஜும்ஆவில் காண்கிறோம். சலாம் கொடுத்ததும் ஓடுகிறார்கள். செருப்புத் தேடவும் நேரமில்லை, பாவம்! மாணவர் ஒருபுறம், நோயாளி ஒருபுறம், எழுதி முடியாத ஆராய்ச்சிக் கட்டுரை ஒருபுறம், வீட்டிலோ கைக்குழந்தை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091-ல் பக்தாது நிஜாமிய்யா மதரஸாவில் ஆசிரியராய் அமர்ந்தபோது வயது 33 தான். 300 மாணவருக்குப் பாடஞ் சொல்லி, மிஞ்சிய நேரத்தில் தத்துவ நூல்களைத் தாமே கற்றார்கள். 1095-ல் நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. இது உள்ளத்து நோயென்று வைத்தியர்கள் கைவிட்டனர். பதவியைத் துறந்து புறப்பட்டார்கள். ஆனால் மக்களுக்கு வேண்டிய பொருளை ஒதுக்கி வைத்த பிறகே! அதை நாம் கவனிக்க வேண்டும்.

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள், இரவெல்லாம் வணங்க எழுந்த அபூதர்தா (ரலி) அவர்களை உறங்கச் செய்து, கடைசிச் சாமத்தில் உடன் தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் இல்லத்தாருக்கும் தனித்தனி உரிமையுண்டு என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் அதை மெய்யென்றார்கள். வணக்கத்துக்கே வரம்பு உண்டெனில், கட்டுரைக்கு இல்லையா?

மூத்த பேராசிரியர்களே, உங்களுக்கும் ஒரு சொல்: பிறர் ஏற்காத குழு வேலைகளையெல்லாம் புதியவர் தலையில் சுமத்தாதீர்கள்.