மீனுக்காக யார் பேசுவது?

(மும்பை சுனாபட்டியில் மாலை வேளைகளில் குறள் பாடம் சொல்லும் முதிய ஆசிரியரும் அவரிடம் படிக்கும் இளைஞனும்.)

சீடன்: ஐயா, ஒரு கொலைக்கு உங்களிடம் உத்தரவு கேட்க வந்திருக்கிறேன்.

குரு: உட்கார். யாரை?

சீடன்: தங்கமீனை. தங்கைக்காகக் குர்லாவில் வாங்கியது. வயிறு உப்பிவிட்டது. செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, கண் பிதுங்கியிருக்கிறது. இரையைத் தொடுவதில்லை, அடியில் சாய்ந்தே கிடக்கிறது. கடைக்காரர் பார்த்துவிட்டு, ‘டிராப்ஸி, பிழைக்காது’ என்றார்.

குரு: அவர் சொன்னது அடையாளம், காரணம் அல்ல. சிறுநீரகம் கெட்டு உடலுக்குள் நீர் தேங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாவின் வேலை. அது எல்லாத் தொட்டியிலும் இருக்கும். கெட்ட நீரில் தளர்ந்துபோன மீனைத்தான் பிடிக்கும். உன் தொட்டியில் ஃபில்டர் உண்டா?

சீடன்: தொட்டி ஏது ஐயா, கண்ணாடிக் குடுவைதான். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றுவோம்.

குரு: மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும், செவுளைப் புண்ணாக்கும். குடுவையில் மீனே வெளியேற்றும் அம்மோனியா போக வழியில்லை. உன்னை வருத்தப்படுத்தச் சொல்லவில்லை. கொல்லலாமா என்று கேட்பதற்கு முன்னால், வாழ விட்டோமா என்று கேட்க வேண்டும்.

சீடன்: வாழ விடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே கை ஓங்கவில்லை. கொல்லாமை அதிகாரத்தை எங்களுக்கு நடத்தியவர் நீங்கள்தானே?

குரு: கொல்லாமையை இந்த ஊரிலேயே பார்க்கலாம். செம்பூரில் பாஞ்சரபோல் என்ற இடம் வழியாக எத்தனை முறை போயிருப்பாய்! 1832-இல் கம்பெனி அரசு தெருநாய்களைக் கொல்லச் சொன்னபோது பம்பாயில் பார்சிகள் கலகம் செய்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்றவர்கள் முன்னின்று புலேஷ்வர் அருகே பாஞ்சரபோல் என்ற விலங்குக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். கிழடோ, நொண்டியோ, எந்த விலங்கையும் கொல்லாமல் கடைசிவரை வைத்துக் காப்பது அதன் நெறி. செம்பூர் பாஞ்சரபோலிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தேவனார் இறைச்சிக்கூடம். இரண்டையும் தாண்டித்தான் நாம் தினமும் போய்வருகிறோம்.

சீடன்: என் வீடும் அப்படித்தான் ஐயா. ஞாயிறு என்றால் சாளைக் குழம்பு. நூறு சாளைக்கு அழாதவன் ஒரு தங்கமீனுக்கு அழுகிறேன். இது போலித்தனம் இல்லையா?

குரு: இல்லை. சாளையைப் பற்றிய கேள்வியும் ஒருநாள் உன்னிடம் வரும், வரட்டும். ஆனால் அங்கே இரக்கம் வரவில்லை என்பதற்காக இங்கே வந்த இரக்கத்தைத் துரத்தாதே. இந்த மீனை நீ அடைத்து வைத்தாய். அதன் நீர், இரை, வெளிச்சம் எல்லாம் உன் கையில். அது உன்னிடம் கடன்பட்டதல்ல, நீ அதனிடம் பட்டிருக்கிறாய்.

சீடன்: மீனுக்கு வலி உண்டா?

குரு: 2003-இல் லின் ஸ்னெடன் என்ற விஞ்ஞானி டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார். அமிலம் ஏறிய மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, மூச்சு வேகமாயிற்று. மார்ஃபின் கொடுத்ததும் அது குறைந்தது. இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஐயம் இருக்கும்போது வலி உண்டு என்று வைத்துக்கொண்டு நடப்பதே நியாயம்.

சீடன்: அப்படியானால் கொல்வதுதான் கருணையா?

குரு: காந்தியிடம் இதே கேள்வி 1928-இல் வந்தது. சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி தீராத நோவில் துடித்தது. மருத்துவம் கைவிட்டுவிட்டது. ஆசிரமத்தாரிடம் கலந்து பேசி, டாக்டரை அழைத்து, தன் கண்முன்னே ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நாடெங்கிலுமிருந்து கண்டனக் கடிதங்கள் வந்தன. அவர் ஒளிக்கவில்லை, பத்திரிகையில் விளக்கி எழுதினார். கூடவே பயிரை அழிக்கும் குரங்குகளைப் பற்றியும் எழுதினார்: அவற்றைக் கொல்ல நேர்ந்தால் அது இம்சைதான், அதில் நம் லாபம் இருக்கிறதே!

சீடன்: கன்றைக் கொன்றது அகிம்சை என்றாரா?

குரு: என்றார். அந்த ஒரு இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. கொலையைக் கொலை என்றே சொல்வேன், சில நேரம் செய்தே தீரவேண்டிய கொலை. அதற்கு அகிம்சை என்று பெயர் வைத்துவிட்டால் கை நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் இருக்கட்டும்.

சீடன்: முடிவு செய்ய நான் யார்?

குரு: பரேல் கேஇஎம் மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற செவிலியர் 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்து கிடந்தார். அவரை இறக்க விடும்படி ஒரு பத்திரிகையாளர் உச்ச நீதிமன்றம் போனார். 2011 தீர்ப்பில் நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் உரிமை அத்தனை ஆண்டு அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. அவர்கள் ‘வாழட்டும்’ என்றார்கள். 2015-இல் நிமோனியாவில் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார்கள். மனிதரையும் மீனையும் ஒன்றாக்கவில்லை. பராமரித்தவரே பேச வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள். உன் வீட்டில் இரை போட்டவள் உன் தங்கை, நீர் மாற்றியவன் நீ.

சீடன்: பாட்டி, ‘கொல்லாதே, மாஹிம் கடலில் விட்டுவா, பாவம் சேராது’ என்கிறார்.

குரு: தங்கமீன் நன்னீர் மீன். கடலில் விட்டால் உப்பு அதைக் கொல்லும், நீ பார்க்கமாட்டாய், அவ்வளவுதான். போவாய் ஏரியில் விட்டால் அங்குள்ள மீனுக்கும் நோய் போகும். உன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள மீனைத் துன்பத்தில் தள்ளுவதை நான் பாவம் என்பேன். கழிப்பறையில் ஊற்றுவதும், ஃபிரிட்ஜில் உறைய வைப்பதும், தரையில் போடுவதும் அதே. தங்கமீன் ஆக்சிஜன் இல்லாமலும் நெடுநேரம் தாங்கும், உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றும். தரையில் போட்டால் சீக்கிரம் சாகும் என்று நினைக்காதே.

சீடன்: பிறகு எப்படி?

குரு: கிராம்பு எண்ணெய். அதிலுள்ள யூஜினால் மீனை மயக்கும். மீன் இருக்கும் நீரையே ஒரு பாத்திரத்தில் எடுத்து, எண்ணெயைத் தனியே நன்றாகக் குலுக்கிக் கரைத்து, முதலில் கொஞ்சமாக ஊற்று. மீன் அசைவற்று மயங்கிய பிறகு கூடுதலாகச் சேர். செவுள் மூடி அசைவது நின்ற பிறகும் அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும். அளவைக் கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்.

சீடன்: இன்றிரவே செய்துவிடட்டுமா?

குரு: வேண்டாம். முதலில் குளோரின் நீக்கிய நல்ல நீருக்கு மாற்று. பரேல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய், மீன் பார்க்கும் டாக்டர் யார் என்று கேள். எப்சம் உப்பும் ஆன்டிபயாடிக்கும் சில மீன்களைக் காப்பாற்றியிருக்கின்றன. தலைகீழாக மிதந்தாலும் இரை தின்னும் மீனைக் கொல்லக் கூடாது, அது காற்றுப்பைக் கோளாறாக இருக்கலாம். சிகிச்சைக்குப் பிறகும் செதில் படியாமல், இரை எடுக்காமல், தொட்டாலும் நகராமல் கிடந்தால் அப்போது செய். பார்க்கச் சகிக்கவில்லை என்பதற்காகச் செய்யாதே, அது உன் வலி.

சீடன்: தங்கையிடம் என்ன சொல்ல?

குரு: உண்மையை. கடலுக்குப் போயிற்று என்று கதை விடாதே. முடிவெடுக்கும்போது அவளும் இருக்கட்டும். ஃபில்டர் வைத்த பெரிய தொட்டி வாங்கும்வரை அந்தக் குடுவையில் இன்னொரு மீனை விடாதே. நல்ல நீர் கிடைத்தால் தங்கமீன் பத்து ஆண்டுக்கு மேல் வாழும்.