பாட்டியின் கரித்தூள்

தோட்டத்து வீட்டில் பாட்டி கரித்தூளும் உப்பும் வைத்துத்தான் பல் துலக்குவார். "என்ன பாட்டி, இன்னுமா இது?" என்று கேலி செய்தவன் நான்.

அண்மையில் யூடியூப்பில், இந்தியாவின் பழைய கோல்கேட் பற்பொடி விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். பயில்வானின் உடம்புக்குப் பாலும் பாதாமும். பல்லுக்கு மட்டும் கரியா என்று கிண்டல் செய்தே பொடியை விற்றார்கள். பின்னாளில் அதே நிறுவனம், "உங்க டூத்பேஸ்ட்ல உப்பு இருக்கா?" என்று கேட்டது. இன்று கரி கலந்த பற்பசையும் விற்கிறது. என் குளியலறையிலும் ஒன்று இருக்கிறது!

அன்று, "இதையா வைத்திருக்கிறாய்?" என்று வெட்கப்பட வைத்தார்கள். இன்று, "இதுகூட இல்லையா?" என்று ஏங்க வைக்கிறார்கள். உத்திதான் மாறியது. முதலில் நமக்குள் ஒரு குறையை உண்டாக்கிவிட்டுப் பிறகு மருந்தை நீட்டுவது மாறவில்லை.

கரித்தூள் எனாமலைத் தேய்க்கும் என்று பல் மருத்துவர்கள் எச்சரிப்பது உண்மைதான். ஆனால், அது தெரிந்தா நான் பாட்டியைக் கேலி செய்தேன்? இல்லை. டிவியில் வந்ததுதான் நாகரிகம் என்று நம்பினேன், அவ்வளவுதான்.

நண்பர்களே, எந்தப் பற்பசையை வேண்டுமானாலும் வாங்குங்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கணும், எதுக்கு வெட்கப்படணும் என்கிற முடிவை மட்டும் விளம்பரத்துக்கிட்ட விட்டுடாதீங்க.