பெறுபேறும் தன்னம்பிக்கையும்

பரீட்சையொன்றில் எதிர்பார்த்த புள்ளி கிட்டாதவிடத்து மாணாக்கர் இழப்பது யாது என்னும் வினா, கேட்பதற்கு எளிதாயினும் விடையிறுத்தற்கு எளிதன்று. பல்கலைக்கழக இடத்தை இழக்கின்றனர் என்பர் சிலர். அது பயனின் இழப்பு. ஓராண்டை இழக்கின்றனர் என்பர் வேறு சிலர். அது காலத்தின் இழப்பு. இவ்விரண்டினும் ஆழமான இழப்பொன்று உண்டு. பெறுபேறு வெளியாவதற்கு முதல்நாள் வரை ஒவ்வொருவரிடத்தும் தம்மைப் பற்றிய ஒரு தீர்ப்பு இருந்தது. இன்னது எனக்கு இயலும், இவ்வளவு நான் அறிவேன் என்பதே அத்தீர்ப்பு. பெறுபேறு அதனைப் பொய்யாக்கிவிடுகின்றது. பொய்த்தது ஆற்றலா, அன்றி ஆற்றலை மதிப்பிட்ட தீர்ப்பா என்று பிரித்தறியும் நிதானம் அவ்வேளையில் எவர்க்கும் வாய்ப்பதில்லை. இரண்டும் ஒருங்கே சரிந்தனவாகவே தோன்றும்.

தன்னம்பிக்கை என்னும் சொல்லை ஊக்கம், துணிவு முதலியவற்றோடு ஒரு பொருளதாக வழங்குதல் பெருவழக்கு. ஆயின் அச்சொல்லின் பொருள் சற்று வேறானது. நம்பிக்கை என்பது ஒருவர் சொல்லை மெய்யென ஏற்றல். தன்னம்பிக்கையாவது தன்னைப் பற்றித் தான் கூறும் சான்றை ஏற்றுக்கொள்ளல். முன்னர் ஒருமுறை பொய்ச்சான்று கூறியவனை மன்று ஐயுறுவது போல, எதிர்பார்ப்புப் பொய்த்த மாணாக்கரும் தம் உள்ளத்தின் சான்றை ஐயுறத் தொடங்குகின்றனர். ‘நீ கெட்டிக்காரி, கவலைப்படாதே’ என்று சுற்றத்தார் கூறும் ஆறுதல் அன்பினால் எழுவதே. எனினும் அது பெரும்பாலும் பயன்படாமற் போவதற்குக் காரணம் இதுவே. ஐயத்துக்குள்ளானது அவளுடைய சான்று. பிறர் சான்று எத்துணை கூடினும் அதற்கு ஈடாகாது.

இவ்விடத்து இராமானுஜன் கதை தவறாது எடுத்துரைக்கப்படுவதுண்டு. கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் கிடைத்த புலமைப்பரிசிலை அவர் இழந்ததும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்று எழுதிய எஃப்.ஏ. பரீட்சையிலும் சித்தியடையாமற் போனதும், 1918இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானதும் உண்மையே. ஆயின் இராமானுஜன் அல்லாதார்க்கு இக்கதையால் விளையும் ஆறுதல் யாது? பெரியதொரு வெற்றியினாலேயே சிறியதொரு தோல்வி ஈடுசெய்யப்படும் என்னும் கருத்தை அது மறைமுகமாக வலியுறுத்துகின்றது. ஒரு மாணாக்கரின் மதிப்பைப் புள்ளியே தீர்மானிக்கும் என்னும் எண்ணம் அதனாற் சிறிதும் அசைவதில்லை. புள்ளியிடுவோர் மட்டுமே மாறுகின்றனர். மேடைப் பேச்சுக்கு ஏற்ற கதை அது. லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் மாணவிக்கு ஏற்றதன்று.

அத்தகைய மாணவியின் நிலையைச் சற்று அண்மையில் நின்று நோக்குதல் தகும். கொழும்பு - கண்டி நெடுஞ்சாலையில், கேகாலை மாவட்டத்தின் மேற்கெல்லையை ஒட்டி அமைந்துள்ள நகரம் வரக்காப்பொல. சாலையில் விரையும் பயணியின் கண்ணிற் படுவன கடைத்தெருவும் பேருந்துத் தரிப்பிடமுமே. நெடுஞ்சாலையை விட்டு உட்புகுந்தால் இறப்பர் மலைகள். மலையகம் என்றவுடன் தேயிலையையும் பனியையும் எண்ணுவோர், சப்பிரகமுவவின் இத்தாழ்நிலத் தோட்டங்களிலும் ஒன்றரை நூற்றாண்டாகத் தமிழர் வாழ்ந்து வருவதைப் பலவேளை மறந்துவிடுகின்றனர். நுவரெலியாவிலோ பதுளையிலோ போலத் திரளாக வாழும் வாய்ப்பு இவர்களுக்கு இல்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறுசிறு தொகுதிகளாகச் சிதறிய வாழ்வு இவர்களது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களையும் நாடற்றோராக்கியது. இந்திய வம்சாவளியினருள் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரத்தொடங்கியது 1970களிலேயாகும். தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் இம்மாகாணத்தில் இன்றும் சிலவே. தாய் பால்வெட்டுக்குப் புறப்படும் விடியற்பொழுதில் மகளும் பேருந்துக்குப் புறப்பட்டு, ஈராண்டு பயின்று, உயர்தரப் பரீட்சை எழுதுகின்றாள் எனக் கொள்வோம். மூன்று பாடங்களிலும் சித்தி கிடைக்கின்றது. ஆயினும் இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிடுகின்றது.

அவ்வெண் கூறுவது யாது? 2001இல் நடைமுறைக்கு வந்த இம்முறையில், ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளி, அவ்வாண்டு அப்பாடத்தை எழுதியோரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பது நியமவிலகலால் வகுத்துக் கணிக்கப்படுகின்றது. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு பெறப்படும் பெறுமானங்களின் சராசரியே இறுதி எண். எனவே ஒரு வரிசையில் ஒருவர் நிற்கும் இடத்தையே அது குறிக்கின்றது. அறிவின் அளவு என்று அதனைக் கொள்வது பிழை. கற்றது அணுவளவும் குறையாமலே, பிறர் கூடுதலாகக் கற்றமையால் அவ்வெண் குறையலாம். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் இது நாடறிய வெளிப்பட்டது. பழைய பாடத்திட்டத்தில் எழுதியோரும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியோரும் ஒரே தொகுதியாகக் கொள்ளப்பட்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. வழக்கு எழுந்தது. இரு தொகுதியினரையும் வெவ்வேறாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு 2012இல் உயர் நீதிமன்றம் பணித்தது. விடைத்தாள்களில் ஓரெழுத்தும் மாறவில்லை. எழுதியோரின் அறிவிலும் மாற்றமில்லை. எண்கள் மட்டும் மாறின. இடைப்பட்ட மாதங்களில், முதலிற் கண்ட எண்ணை நம்பித் தம்மைத் தகுதியற்றோர் என்று தீர்மானித்துக்கொண்டோர் எத்தனை பேரோ!

எண்ணுக்கு அப்பால் எல்லைக்கோடும் உண்டு. பல கற்கைநெறிகளுக்கான அனுமதியில் ஏறத்தாழ 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. சப்பிரகமுவ மாகாணத்தின் இரு மாவட்டங்களுள் இரத்தினபுரி அப்பதினாறனுள் அடங்கும், கேகாலை அடங்காது. இருபுறமும் அதே இறப்பர், அதே லயம், அதே ஆசிரியர்ப் பற்றாக்குறை. மாவட்டத்தின் சராசரி நிலையைக் கொண்டு வகுக்கப்பட்ட விதி, அம்மாவட்டத்தினுள் சிறுதொகையினராய் வாழும் தோட்ட மக்களைத் தனியே காண்பதில்லை. முன்னரும் 1971இல், பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு 400 புள்ளிகளுள் தமிழ் மாணவர்க்கு 250, சிங்கள மாணவர்க்கு 227 என வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டமை வரலாறு. அவ்வாண்டு 240 புள்ளி பெற்ற இருவருள் ஒருவர் உள்ளே சென்றிருப்பர். மற்றவர் வெளியே நின்றிருப்பர். அவ்விருவரது தன்மதிப்பும் அப்புள்ளியினின்றே பிறப்பதாயின், அதனை விதித்த அதிகாரியே அவர்தம் உள்ளத்துக்கும் அதிகாரியாகின்றார்.

இவ்வளவும் கூறியபின் எளிதானதொரு முடிபு காத்திருக்கின்றது. குற்றமெல்லாம் முறைமையினது, மாணவிக்கு அதிற் பங்கில்லை என்பதே அது. இம்முடிபு இனியது, ஆயின் அதற்கு ஒரு விலையுண்டு. தோல்வியில் தனக்குப் பங்கில்லை என்பவள், அடுத்த முயற்சியிலும் தனக்குப் பங்கில்லை என்று ஒப்புக்கொண்டவளாகின்றாள். இதற்கு மறுதலையாக, பங்கு முழுவதும் தன்னதே என்று ஏற்பவள், பேருந்து வராத நாள்களையும் இரசாயன ஆசிரியர் இல்லாத தவணைகளையும் தன் மூளையின் குறைபாடாகக் கணக்கிட்டுவிடுகின்றாள். முன்னையது ஆற்றலைக் கைவிடுதல். பின்னையது உண்மையைக் கைவிடுதல். திருக்குறளிலே ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுக்கப்பட்டிருத்தலை முரண்பாடாகக் கண்டு, உரைவழிச் சமாதானம் தேடுவோர் உளர். அவ்விரண்டும் ஒரே வாழ்வில் ஒருங்கே உண்மையாதலை வள்ளுவர் மறைக்க விரும்பவில்லை என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

ஆங்கிலச் சமூகவியலாளர் மைக்கேல் யங் 1958இல் திறமையாட்சி பற்றி அங்கதமாக எழுதிய நூலில், இதனோடு தொடர்புடைய கசப்பானதொரு கருத்து உண்டு. பிறப்பினாற் பதவி கிடைத்த காலத்தில், அது கிட்டாதவன் தன்னை இழித்துக்கொள்ள வேண்டியதில்லை. குறை பிறப்பினது என்று அவன் அறிவான். பரீட்சை நேர்மையானது என்று எல்லாரும் நம்பும் சமுதாயத்திலோ தோற்றவனுக்கு அந்நிழலும் இல்லை. தோட்டத்தின் வரலாற்றில் இவ்வுண்மை கண்கூடு. பேரேட்டிற் பெயர் விழுந்த நாள் முதல் பால்வெட்டே வாழ்வு என்றிருந்த பாட்டிக்குப் பரீட்சைத் தோல்வி என்னும் துன்பம் தெரியாது. அது பேத்திக்குக் கிடைத்த உரிமையின் மறுபக்கம். ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணி நேரம் என்னும் வெளித்தோற்றச் சமத்துவம், மண்டபத்துக்கு வந்த வழிகளின் சமத்துவமின்மையை மறைத்துவிடுகின்றது. 1971இல் வெளிவந்த தம் நீதிக் கோட்பாட்டு நூலில் ஜோன் றோல்ஸ் செய்த வேறுபாடு இங்குத் துணைசெய்யும். விதிகளின்படி ஒன்றை எதிர்பார்க்க உரிமையுடையவராதல் வேறு. ஒழுக்க அடிப்படையில் அதற்குத் தகுதியுடையவராதல் வேறு. வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் இடத்துக்கு உரியவராகின்றார். அதனாலேயே மேலான மனிதராவதில்லை. தாண்டாதவர் அவ்வாண்டு அவ்விடத்துக்கு உரியவரல்லர், தாழ்ந்தவருமல்லர்.

தத்துவ நூல்கள் அதிகம் பேசாத ஒன்று எஞ்சியுள்ளது. தோட்டத்து மாணவியின் பரீட்சை அவளுடையது மட்டுமன்று. மழைநாளில் பால்வெட்டு இல்லை. வெட்டில்லாத நாளிற் பெரும்பாலும் சம்பளமும் இல்லை. அத்தகைய வருவாயிலிருந்து பிரத்தியேக வகுப்புக்குக் காசு கொடுத்தவர்களின் முகத்தை நோக்க இயலாமையே அவளது துயரிற் பெரும்பங்கு. இங்கு ஓர் அறவினா எழுகின்றது. பெற்றோர்க்கு அவள் கடன்பட்டிருப்பது பெறுபேறா, உழைப்பா? பெறுபேறு என்பாராயின், பிறர் எழுதும் விடைகளும் மாவட்ட எல்லையும் தீர்மானிப்பதொன்றை அவள் கடனாகச் செலுத்தவேண்டும். தன் கையில் இல்லாததை எவரும் கடனாகக் கொடுக்கவியலாது. உழைப்பு என்பதே ஏற்புடையது. ஆயின் உழைப்புக்குக் கணக்கொப்புவிக்கும் கடமை அதனுடன் வருகின்றது. உழைத்தேனா என்று தன்னைத் தானே கேட்டு மழுப்பாமல் விடையிறுத்தல் அக்கடமை. பெற்றோரிற் பலர் இவ்விடையை ஏற்கக்கூடியவர்களே. பாலில் இறப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று மெற்றோலாக் கருவி காட்டும் அளவுக்கேற்பத் தம் உழைப்புக் கணிக்கப்படுவதை அவர்கள் அறிவர். அதன் அளவு அன்றைய பாலைப் பற்றியது என்பதையும், மழைநீர் கலந்தாற் குறைந்து காட்டும் என்பதையும், வெட்டிய கையின் திறனை அது அளப்பதில்லை என்பதையும் எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவேண்டியதில்லை.

ஆகவே இழந்த தன்னம்பிக்கையை மீளப்பெறுதல் என்பது, தன்னைப் பற்றிய தன் சான்றை மீண்டும் நம்பத்தக்கதாக ஆக்குதலே. சான்று நம்பத்தக்கதாவது சரிபார்க்கப்படுவதனாலேயாம். பரீட்சைத் திணைக்களம் பாடந்தோறும் மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிட்டு வந்துள்ளது. எவ்வினாவில் எப்பிழை மிகுதியாக நேர்ந்தது, புள்ளி எவ்வாறு வழங்கப்பட்டது என்பவற்றை அவை விளக்குகின்றன. கடந்தகால வினாத்தாளொன்றை எடுத்து, விடையெழுதுமுன் ‘எனக்கு இவ்வளவு புள்ளி வரும்’ என்று குறித்துவைத்து, எழுதியபின் புள்ளித்திட்டத்தைக் கொண்டு கண்டிப்பாகத் திருத்தி, இரு எண்களையும் ஒப்பிடும் மாணவி பெறுவது, பயிற்சியினும் பெரிதான ஒன்று. முதல் வாரம் இரண்டுக்கும் இடையே இருபது புள்ளி வேறுபாடு இருக்கலாம். அது ஐந்தாகக் குறையும்போது, புள்ளி உயர்ந்திருந்தாலும் உயராவிடினும், தன்னைப் பற்றி அவள் கூறுவது மெய்யாகத் தொடங்கிவிட்டது. தன் மதிப்பீடு குறைவாயிருப்பதை அறிந்தவளும் தன்னை நம்பலாம். அறியாதவளுக்கே அது இயலாது.

இதற்குக் காலம் வேண்டும் என்பதே பெருந்தடை. பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறை தோற்றலாம் என்பது விதி. அம்மூன்றையும் பயன்படுத்த விடும் வீடுகளும் உண்டு. ஒருமுறைக்கு மேல் இயலாத வீடுகளும் உண்டு. வரக்காப்பொலவுக்கு அண்மையில் துல்கிரியவிலே ஆடைத் தொழிற்சாலைகள் உள. பெறுபேறு வந்த மாதமே அங்கு வேலைக்குச் செல்லும் பெண்ணை நோக்கி, மனந்தளராது மீண்டும் முயல்க என்று கூறுவது, அவளிடம் இல்லாத ஓராண்டைச் செலவிடுமாறு கூறுவதாகும். திறந்த பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பட்டமும் அவளுக்கு வழியாகலாம். உயர்தரச் சித்திகளைக் கொண்டு பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்து ஆசிரியையாகவும் முயலலாம். இவ்வழிகள் இரண்டாந்தரமானவை என்னும் எண்ணம் வெட்டுப்புள்ளியின் மேலே நிற்போர் பரப்பியது. பல்கலைக்கழக விடுதிகளிலும் அது கேட்கின்றது. அவ்விடுதிகளில் இருப்போர் விடுமுறையில் ஊர் திரும்புகையில், முற்கூறிய மதிப்பீட்டு அறிக்கைகளின் தமிழ்ப் பிரதிகள் தம் அயலிலுள்ள தோட்டப் பாடசாலை நூலகத்தில் உள்ளனவா என்று ஒருமுறை பார்த்து வரலாம்.