ஒல்லியனின் வண்டி

இரவு பதினொரு மணிக்குத்தான் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் முழித்துக்கொள்ளும். நுவரெலியாக் கரட்டும் கோவாவும் லொறி லொறியாய் இறங்க, மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் என் மேசையைக் கடந்து போவார்கள். நான் கணக்கெழுதுகிறவன். கைகால் ஈர்க்கு, சட்டைக்குள் மட்டும் ஒரு சின்ன வண்டி. "உனக்கென்ன, மெல்லிய உடம்பு" என்று சொந்தக்காரர் சொன்னதை நாற்பது வயது மட்டும் நம்பியிருந்தேன். இரத்தப் பரிசோதனைத் தாள் நம்பவில்லை. சீனி.

என் போன்ற உடம்பைப் புனேயில் ஒரு மருத்துவர் முன்னமே படம் பிடித்து வைத்திருந்தார். சித்தரஞ்சன் யாஜ்னிக், 2004 இல் லான்செட் இதழில் தன் படத்தையும் பிரித்தானியரான ஜோன் யட்கினின் படத்தையும் அருகருகே போட்டார். உயரத்துக்கேற்ற எடைச் சுட்டெண் இருவருக்கும் 22.3. உடம்புக் கொழுப்போ யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசுக்கு இது தெரியாது.

அந்தக் கொழுப்பைக் குறைத்தால் என்னாகும்? 2003 இல் பொஸ்டன் ஜோஸ்லின் மையத்தில் சுண்டெலிகளின் கொழுப்புக் கலங்களில் மட்டும் இன்சுலின் ஏற்பியை நீக்கிப் பார்த்தார்கள். 'சேர்த்து வை' என்ற இன்சுலினின் கட்டளை அந்தக் கலங்களுக்குக் கேட்கவில்லை. வயிறாரத் தின்றும் அந்தச் சுண்டெலிகள் மெலிந்தே இருந்தன. சராசரி ஆயுள் 18 வீதம் கூடியது. குறைத்துத் தின்ற எலிகள் நெடுநாள் வாழ்வதை 1935 இலேயே மக்கே என்ற ஆய்வாளர் காட்டியிருந்தார். ஆயுளைக் கூட்டியது பட்டினியா, மெலிவா? இந்த எலிகள் மெலிவின் பக்கம் கை காட்டின.

அதற்காகக் கொழுப்பை எதிரியாக்க எனக்கு மனமில்லை. கொழுப்புத் திசுவே இல்லாமல் பிறக்கிறவர்களுக்குச் சீனி வருத்தம் இன்னும் கடுமையாக வரும். வைக்க இடமில்லாத கொழுப்பு ஈரலில் போய்க் குந்திவிடும். களஞ்சியம் நிறைந்தால் மூட்டை நடைபாதைக்கு வருவதை நான் தினமும் பார்க்கிறேன். என் களஞ்சியம் சிறிது, சரக்கோ நிற்கவில்லை.

அந்த எலிகளின் 18 வீதம் எனக்குக் கிடைத்தால் என்ன செய்வேன்? இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் இதே நாற்காலியில் குந்தியிருப்பேனோ? சுமக்கிறவன் பாக்கியவான் என்றும் சொல்லமாட்டேன். அறுபது தாண்டிய ஒரு நாட்டாமையின் முழங்கால் படியேறும்போது நொறுங்குவது எனக்குக் கேட்கும். அது உடற்பயிற்சி இல்லை, கூலி.

நேற்று அவரிடமிருந்து ஒரு கோவா மூட்டையை வாங்கித் தோளில் வைத்தேன். பத்தடி போகவில்லை, மூச்சு வாங்கியது. அவர் சிரித்தபடி மூட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். நாலு அடி வைத்துவிட்டு நின்று, அதைத் தன் கணக்கில்தான் எழுத வேண்டும் என்றார். எழுதினேன்.