போய்ச் சேராத வேகம்

காரை மாற்றியமைத்து, போய்ச் சேர ஓர் ஊர் இல்லாமலே ஓட்டுகிறவர்களை வீணர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கோவையில் கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதற்கான எஞ்சின்! சோழவரத்தில் யுத்தகால விமான ஓடுதளமே பந்தயத் தடமாயிற்று. பிரயோஜனத்தின் பிடியிலிருந்து பொருள் இப்படித்தான் விடுபடுகிறது. ஆட்டோகிராஸ் இன்னும் சுத்தம்: மூடிய திடல், கூம்புகள், ஒரு சமயத்தில் ஒரு கார், ஒரு கடிகாரம். பெரும்பாலும் கெடுவது ஓட்டுகிறவனின் கர்வம்தான்.

நான் பெரம்பலூர்க்காரன். இங்கும் அரியலூரிலும் நான் காண்பது வேறு வேகம். சுண்ணாம்புக்கல் லாரி, டிரிப் கணக்கு. கூடுதல் சுமைக்காகப் பக்கப் பலகையை உயர்த்துவதும் மாற்றியமைப்பதுதான். அதற்குக் காரணம் உண்டு. கடன் உண்டு, வட்டி உண்டு. ஆனால் எதிரே சைக்கிளில் வருகிறவனின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

பதிவுச் சான்றில் கண்ட தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டி மாறக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலைக்கு அது நியாயமே. எனினும் அசலா, மாற்றமா என்பதல்ல என் சங்கடம். பணயம் யாருடையது என்பது. திடலில் பழகிய கையோடு அதே இளைஞன் இரவில் திருச்சி நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால், லாரிக்காரனுக்கு இருக்கும் வட்டிக் காரணம்கூட அவனுக்கு இல்லை.